நிற்க முடியாதா, காத்திருக்க முடியாதா? தீம் பார்க் மாற்றுத்திறனாளி பாஸ் தகராறின் பின்னணி

பள்ளி விடுமுறை விட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வேன்களும் பஸ்களும் ஓசூர் வழியாக பெங்களூருக்குக் கிளம்பிவிடும். பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போகாத பள்ளிச் சுற்றுலா இந்தப் பக்கம் குறைவு. 2025 டிசம்பரிலிருந்து திருப்போரூர் பக்கமும் அதே நிறுவனத்தின் பூங்கா ஒன்று இருக்கிறது. ஆக, தீம் பார்க் வரிசை என்பது நமக்கும் பழகிய சங்கதிதான்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களின் மாற்றுத்திறனாளி பாஸ் குறித்து வழக்குகளும் வாக்குவாதங்களும் செய்தியாக வந்தபடி இருக்கின்றன. படிப்பவர்களுக்கு இரண்டு விதக் குழப்பம். "மாற்றுத்திறனாளியை முன்னால் விடுவதில் என்ன சண்டை?" என்று ஒரு தரப்பு. "கை கால் நன்றாக இருப்பவருக்கு எதற்குப் பாஸ்?" என்று இன்னொரு தரப்பு. இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றே: வரிசையில் நிற்பதையும், முறை வரும்வரை காத்திருப்பதையும் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் சண்டையில் பாதி விளங்கிவிடும்.

முதலில் வரிசைக் கணக்கு

ஒரு சவாரியில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, சுற்றி, இறக்க 3 நிமிடம். மணிக்கு 20 சுற்று, 480 பேர். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் ஒரு மணி நேரம் காத்திருப்பு.

இப்போது பக்கத்து வாசல் வழியாக மணிக்கு 20 பாஸ் வருகிறது. ஒரு பாஸுக்கு வைத்திருப்பவரோடு சேர்த்து 6 பேர் வரை விடுகிறார்கள். மொத்தம் 120 பேர். பொது வரிசைக்கு மிஞ்சுவது 360 இருக்கை. அதே 480 பேர் ஏறி முடிக்க இப்போது 80 நிமிடம் ஆகும். ஆளாளுக்கு 20 நிமிடம் கூடிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அந்த 120 பேரும் பாஸ் இல்லையென்றால் பொது வரிசையில்தானே நின்றிருப்பார்கள்? உண்மைதான். நின்றிருந்தால் மணிக்கு ஒரு தடவைதான் ஏறியிருப்பார்கள். காத்திருப்பே இல்லாத பாஸ் என்றால், இறங்கிய கையோடு சுற்றிவந்து மறுபடி ஏறலாம். அந்த 20 பாஸ் 20 குடும்பமாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து குடும்பம் நான்கு முறை வந்தாலும் 20 தான். பொது வரிசைக்காரருக்கு இழப்பு வருவது பெரும்பாலும் இப்படித் திரும்பத் திரும்ப ஏறுவதால். யாரோ ஒருவரை ஒரு முறை முன்னால் விட்டதால் வரும் இழப்பு சொற்பம்.

பாஸ் எதிலிருந்து விலக்குத் தருகிறது?

எல்லாவற்றையும் "பாஸ்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே இருப்பது மூன்று வேறு ஏற்பாடுகள்.

1. முன்னால் விடுவது. வந்தவுடன் தனி வாசலில் ஏற்றிவிடுவார்கள். நிற்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

2. நேரம் குறித்துக் கொடுப்பது. பொது வரிசையில் இப்போது 60 நிமிடம் காத்திருப்பு என்றால், "ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், கழிவறைக்குப் போகலாம். நிற்பதிலிருந்து மட்டும் விலக்கு. காத்திருப்பு எல்லோருக்கும் போலவே.

3. வரிசைக்குள்ளேயே வசதி. சக்கர நாற்காலி நுழையும் அகலம், சாய்தளம், நடுவில் உட்கார பெஞ்சு, அவசரத்துக்கு வெளியே போய்த் திரும்பி அதே இடத்துக்கு வர அனுமதி.

இரண்டாவது வகைக்கு நமக்குத் தெரிந்த உதாரணம் திருப்பதி. 65 வயது நிறைந்த மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நாளொன்றுக்கு 1,000 இலவச டிக்கெட் தேவஸ்தானம் இணையத்தில் ஒதுக்குகிறது. நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்தாகிவிடும். மாற்றுத்திறனாளியோடு போக ஓர் உதவியாளருக்கு அனுமதி உண்டு. குடும்பத்தோடு ஆறேழு பேர் நுழைய முடியாது. இதுவும் குறைகள் உள்ள ஏற்பாடுதான், இணையம் தெரியாதவருக்குப் பேரன் வேண்டும். ஆனாலும் எண்ணிக்கை, நேரம், உடன் வருபவர் என்று மூன்றுக்கும் வரம்பு இருக்கிறது. தீம் பார்க்குகள் பல வருடம் தடுமாறியது இந்த மூன்றில்தான்.

டிஸ்னியில் நடந்த கதை

2013 அக்டோபர் வரை டிஸ்னியில் இருந்தது விருந்தினர் உதவி அட்டை. பூங்கா அலுவலகத்தில் போய் என்ன சிரமம் என்று சொன்னால் போதும், கொடுத்துவிடுவார்கள். மருத்துவச் சான்று கேட்பதில்லை. நடைமுறையில் அது பல சவாரிகளில் முதல் வகைப் பாஸாகவே இயங்கியது.

அதே ஆண்டு மே மாதம் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. மன்ஹாட்டன் பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரை "வழிகாட்டி"யாக வாடகைக்கு அமர்த்தி, குடும்ப உறுப்பினர் மாதிரி கூட்டிப் போய் வரிசையைத் தாண்டினார்களாம். மணிக்கு 130 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 1,040 டாலர். கூட வந்தவரின் உடல்நிலை உண்மை. அட்டையும் உண்மை. பொய்யாக இருந்தது உறவு மட்டுந்தான். மருத்துவச் சான்று கேட்டிருந்தாலும் இந்த மோசடி அப்படியே நடந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்னி அந்த அட்டையை எடுத்துவிட்டு, இரண்டாவது வகையான நேரம் குறிக்கும் முறைக்கு மாறியது. மாற்றுத்திறனாளி அணுகல் சேவை என்ற அதன் ஆங்கிலப் பெயரை டாஸ் (DAS) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்கள் பல 2014 முதல் வழக்குப் போட்டன. அவர்கள் சொன்ன காரணம் லேசானதல்ல. சில பிள்ளைகளுக்கு "அப்புறம் வரலாம்" என்பதே புரியாது. சவாரியின் வாசல் வரை போய்த் திரும்பினால் அன்றைய நாளே போச்சு. இன்னும் சிலர் ஒரே வரிசைக்கிரமத்தில் சவாரிகளைச் சுற்றினால்தான் அமைதியாக இருப்பார்கள்.

2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை விசாரிக்கத்தான் வேண்டும் என்றது. விசாரணை முடிந்து 2020ல் புளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் டிஸ்னி பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் டிஸ்னி காட்டிய ஒரு கணக்கு மேலே நாம் போட்ட கணக்குக்கு நேரடிச் சாட்சி: பழைய அட்டை வைத்திருந்தவர்கள் பார்வையாளர்களில் 3.3 சதவீதம், டாய் ஸ்டோரி சவாரியில் ஏறியவர்களில் அவர்கள் பங்கு 30 சதவீதம்.

இதை வைத்து "பாருங்கள், எல்லாம் மோசடி" என்று முடிவுகட்டுவது தவறு. அந்த 3.3 சதவீதத்தில் பெரும்பாலோர் உண்மையானவர்களாகவே இருக்கலாம். காத்திருக்க வேண்டாம் என்று சொன்னால் யாராயிருந்தாலும் பத்து முறை ஏறத்தான் செய்வார்கள். பாஸின் அமைப்பு அப்படி.

2024ல் எதற்கு மறுபடி மாற்றினார்கள்?

ஐந்து ஆண்டில் டாஸ் பயன்பாடு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று டிஸ்னி சொன்னது. நேரம் குறிக்கும் முறைதானே, அதில் திருட என்ன இருக்கிறது? பதில் பூங்காவின் இன்னொரு கவுண்டரில் இருக்கிறது.

முன்பு ஃபாஸ்ட்பாஸ் என்று எல்லோருக்கும் இலவசமாக விரைவு வரிசை இருந்தது. 2021ல் அது போய், காசு கொடுத்து வாங்கும் மின்னல் வரிசை வந்தது. 2024 அக்டோபரில் அறிமுகமான அதன் உயர்வகைப் பாஸ், கூட்ட நாளில் புளோரிடாவில் ஆளுக்கு 449 டாலர் வரை போனது. டாஸ் வைத்திருப்பவர் நுழைவதும் பெரும்பாலும் அதே விரைவு வாசல்தான். நேற்றுவரை இலவசமாக இருந்த ஒன்றுக்கு விலை ஒட்டியதும், அதே வாசலுக்கு இலவசமாகப் போகும் வழிக்குக் கள்ளச் சந்தை மதிப்பு வந்துவிட்டது. என்ன சொன்னால் பாஸ் கிடைக்கும் என்று சமூக வலைதளங்களில் பாடம் நடத்தினார்கள். மோசடி செய்தவர்களைப் பூங்கா திட்டுகிறது. விலைப்பட்டியலை ஒட்டியது யார் என்பதையும் நாம் கேட்கலாம்.

2024 மே 20 முதல் புளோரிடாவிலும், ஜூன் 18 முதல் கலிபோர்னியாவிலும் புது விதி. சுருக்கமாக:

1. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் நீண்ட நேரம் வரிசையில் இருக்க முடியாதவர்களுக்கே டாஸ்.
2. உடன் வருபவர் எண்ணிக்கை பொதுவாக, வைத்திருப்பவரோடு சேர்த்து நான்கு. நெருங்கிய குடும்பம் பெரிதாக இருந்தால் தளர்வு உண்டு.
3. வீடியோ அழைப்பில் நேர்காணல். தேவைப்பட்டால் மருத்துவத் துறையினர் இணைவார்கள்.
4. பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்கு நிரந்தரத் தடை.

மற்றவர்களுக்கு? வெளியே போய்த் திரும்பி வர அனுமதி, சக்கர நாற்காலியோடு பொது வரிசை, இப்படி மூன்றாவது வகை வசதிகள். குடல் அழற்சி நோய் உள்ளவர், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குபவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்று நேற்றுவரை டாஸ் வாங்கியவர்கள் பலர் வெளியே நின்றார்கள். நோயின் பெயரை வைத்துப் பிரிப்பதே பாகுபாடு என்று 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் வழக்கு தொடரப்பட்டது. செய்திகளில் நீங்கள் பார்ப்பது இந்தத் தகராறைத்தான்.

யுனிவர்சல், சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காக்கள் வேறு வழியில் போயின. ஐபிசிசிஇஎஸ் என்ற வெளி அமைப்பிடம் மருத்துவ ஆவணத்தைப் பதிந்து அட்டை வாங்கிக்கொண்டு வரச் சொல்கின்றன. பூங்கா ஊழியருக்கு நோயைத் தீர்மானிக்கும் தலைவலி இல்லை. வருபவருக்குத் தன் மருத்துவக் காகிதத்தை இன்னோர் இடத்தில் ஒப்படைக்கிற சங்கடம்.

கண்ணுக்குத் தெரியாதது

வரிசையை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். இரும்புக் கம்பித் தடுப்பு, மேலே தகரக் கூரை, ஒலிபெருக்கியில் பாட்டு, முன்னாலும் பின்னாலும் ஆள் உரசுகிறது. எட்டு வயதுப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டிருக்கிறான். "இன்னும் கொஞ்ச நேரந்தான் சாமி" என்று அம்மா நாலாவது தடவையாகச் சொல்கிறார். பின்னால் நிற்பவர், "நல்லாத்தானே இருக்கான், அடம் பிடிக்கிறான்" என்கிறார். பையனுக்கு ஊன்றுகோல் இல்லை, சக்கர நாற்காலி இல்லை. அவனால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை, அவ்வளவே. வெளியே மரத்தடியில் ஒரு மணி நேரம் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவான்.

இதற்கு நேர்மாறானவரும் உண்டு. இடது கையில் மூன்று விரல் இல்லாதவருக்கு முறைப்படியான சான்று இருக்கலாம். அவரால் இரண்டு மணி நேரம் நிற்க முடியும், அவருக்கு அது பிரச்சினையே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் நாலு எட்டு நடந்து சவாரியில் ஏறினால் "நடக்கிறாரே!" என்று முணுமுணுப்பார்கள். நாலு எட்டு நடக்க முடிவதும் நாற்பது நிமிடம் நிற்க முடிவதும் ஒன்றா?

ஆக, பார்வையை வைத்து யாரும் நீதிபதியாக முடியாது.

நம் அட்டை இதற்குப் பயன்படுமா?

அமெரிக்காவில் ஊனச் சதவீதம் போட்டு அரசே தரும் பொது அட்டை கிடையாது. நம்மிடம் யுடிஐடி என்ற தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. அதனால் "இங்கே யுடிஐடி கார்டைக் காட்டச் சொன்னால் தீர்ந்தது" என்று தோன்றும். ஓரளவு தீரும்; முழுதாகத் தீராது. ஏன் என்று பார்க்க அட்டை எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், ரத்தம் உறையாமை, தலசீமியா எல்லாம் உள்ளே வந்தன. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. அட்டையின் நிறத்திலேயே அது தெரியும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

சதவீதம் போடுவது முகாமில். எலும்பு முறிவு மருத்துவர், கண் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், மனநல மருத்துவர் என்று தனித்தனி மேசை. கையில் ஆதார் நகலும் போட்டோவும். அரூர், தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களிலிருந்து இதற்கென்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. (மாற்றுத்திறனாளி அட்டை வாங்கவே நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருப்பது தனிக் கதை.)

இந்தச் சதவீதம் எதற்காக வந்தது? உதவித்தொகை, வேலை இடஒதுக்கீடு, வெளியூர் பஸ்ஸில் கால்வாசிக் கட்டணம். இவற்றில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தே ஆக வேண்டும். வரிசை அப்படி இல்லை. அட்டை சொல்வது உடலில் எவ்வளவு குறை என்பதை. பூங்கா வாசலில் எழும் கேள்வி, இந்த இடத்தில், இந்த வெயிலில், இத்தனை நேரம் இவரால் நிற்க முடியுமா என்பது. விரல் இழந்தவருக்கு 40ஐ ஒட்டிச் சதவீதம் இருக்கலாம், பாஸ் தேவையில்லை. இன்சுலின் போடும் முதல் வகைச் சர்க்கரை நோய்ப் பிள்ளைக்கு அந்த 21 குறைபாடுகளின் பட்டியலில் இடமே இல்லை. சர்க்கரை இறங்கினால் வரிசையை விட்டு ஓடியாக வேண்டும்.

சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. நியாயமான இணக்க ஏற்பாடு என்ற கருத்து அதில் இருக்கிறது: அளவுக்கு மீறிய சுமை இல்லாமல், குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட தேவைக்கேற்பச் செய்யும் மாற்றம். பட்டியலையும் சதவீதத்தையும் விட இது வரிசைக்குப் பொருந்துகிற அளவுகோல்.

பொய் சொன்னால் என்ன?

சட்டத்தின் 91வது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கடுமையான பிரிவுதான். ராட்டின வரிசைக்கு இதை யாரும் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

நடைமுறையில் மோசடியைக் குறைப்பது வேறு. காத்திருப்பை மிச்சப்படுத்தாத பாஸை வாங்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒரு சமயத்தில் ஒரு சவாரிக்கு மட்டும் நேரம் குறித்தால் திரும்பத் திரும்ப ஏறுவது நின்றுவிடும். உடன் வருபவர் எண்ணிக்கையைக் குறைத்தால் வாடகை வழிகாட்டிக்கு வேலை இல்லை. இவை இருக்கும்போது சான்றுக் கெடுபிடியைத் தளர்த்தினாலும் பெரிய நஷ்டம் வராது. என் கணிப்பில் டிஸ்னி 2024ல் சறுக்கியது இங்கேதான்: அளவை இறுக்க வேண்டிய இடத்தில் ஆளை வடிகட்டப் போனார்கள்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்புறம்" என்பதே புரியாத பிள்ளைகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது உதவாது. அந்தச் சிறு எண்ணிக்கைக்கு முதல் வகைப் பாஸ், ஒரு நாளைக்கு இத்தனை முறை என்ற வரம்போடு, கொடுக்கலாம்.

நம் மாவட்டங்களில்

ஒகேனக்கல்லில் ஞாயிற்றுக்கிழமைப் பரிசல் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுண்டரில் ஒருவரை முன்னால் விட்டுவிடலாம், அதற்குக் காசு செலவில்லை. அப்புறம் அவர் துறைக்கு இறங்கி, ஆடுகிற பரிசலுக்குள் கால் வைக்க வேண்டுமே. இங்கே பாஸ் கடைசிக் கவலை. சாய்தளமும் கைப்பிடியும் முதல் கவலை. பொது இடங்களில் அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயத் தரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ல் சொன்னது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

பள்ளிச் சுற்றுலாவுக்கோ குடும்பத்தோடோ பூங்காவுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே போனில் கேட்க வேண்டியவை:

1. வரிசையில் நிற்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு: முன்னால் விடுகிறீர்களா, நேரம் தருகிறீர்களா? விரைவு டிக்கெட்டை விலைக்கு வாங்கச் சொல்வது இதற்குப் பதிலாகாது.
2. யுடிஐடி கார்டு இல்லாத, ஆனால் மருத்துவர் கடிதம் உள்ள பிள்ளைக்கு என்ன வழி?
3. எந்தெந்த சவாரியில் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஏற்ற மாட்டீர்கள்? இதைப் போய் இறங்கிய பிறகு தெரிந்துகொள்வதுதான் பிள்ளைகளை அதிகம் நோகடிக்கிறது.
4. உட்கார்ந்து காத்திருக்க நிழல் எங்கே?

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில் ராட்டினம் போடுகிறவருக்கு இவ்வளவு யோசனையும் தேவையில்லை. கவுண்டர் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நிற்க முடியாது என்று வருபவரின் டோக்கனுக்குப் பின்னால், வரிசையின் கடைசி ஆள் எப்போது ஏறுவார் என்று பார்த்து, 7.40 என்று பேனாவில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 7.40க்கு வந்தால் ஏற்றிவிட வேண்டும். சான்றெல்லாம் கேட்க வேண்டாம். பொய் சொல்லி அந்த டோக்கனை வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு நாற்காலி.